மச்சக் கிடாரம்

எங்கள் ஊர்ச் சங்கத்தில் எதைப் பற்றியும் சண்டை பிடிக்கலாம், ஆட்டிறைச்சிக் கறியைப் பற்றி மட்டும் பிடிக்கக்கூடாது. ஜெர்மனியில் எசன் நகரத்து ஏரிக்கரையில் ஒவ்வொரு கோடையிலும் ஒன்றுகூடல் நடக்கும். சாக்கோட்டம், கயிறிழுத்தல், தலைவர் உரை எல்லாம் உண்டு. ஆனால் டோர்ட்முண்டிலிருந்து சனம் கார் ஓடி வருவது அந்தக் கறிக்காகத்தான். அது தலைவருக்கும் தெரியும். தலைவர் என் பெரியப்பா.

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அந்தக் கறியில் என் சித்தி கை வைத்தார். அம்மாவின் தங்கை, கிண்டர்கார்டனில் வேலை. இறைச்சி, மீன், முட்டை, பால் ஒன்றும் தொடமாட்டார். ஜெர்மன்காரர் இதை வேகான் என்பார்கள். எங்கள் ஆட்கள் 'கீரைக்காரி' என்றார்கள். சித்தி அதற்குக் கோபப்படவில்லை. சங்கத்தில் பாதிப் பேருக்குச் சீனி வருத்தம், மீதிப் பேருக்கு பிரஷர், இவர்களை மரக்கறிப் பக்கம் திருப்பியே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். தமிழ்ப் பள்ளிக்கூட மண்டபத்தில் படம் போட்டு உரையாற்றியும் பார்த்தார். மாமாமார் எல்லாரும் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். உரை முடிந்ததும் எழுந்துபோய் மட்டன் ரோல்ஸ் எடுத்தார்கள்.

அடுத்த கூட்டத்தில் சித்தி எழுந்து நின்றார். "இந்த வருசம் ஒன்றுகூடலுக்கு நான் சமைக்கிறன். வாயாலை சொல்லி உங்களுக்கு விளங்கேல்லை. வாயிலை போட்டுத்தான் விளக்க வேணும்."

மண்டபம் சிரித்தது. பெரியப்பா சிரிக்கவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"சரி பிள்ளை, சமையுங்கோ. ஆனால் கறிக் கிடாரம் வழிச்சுத் துடைச்சமாதிரி இருக்க வேணும். ஒரு அகப்பை கறி மிஞ்சினாலும், வாற வருசம் நீங்கள்தான் எங்களுக்கு ஆட்டுக்கறி காய்ச்ச வேணும்."

"ஓம் அத்தான்" என்று சித்தி சொல்லிவிட்டார்.

"உனக்கென்ன விசரே?" என்று அம்மா வீடு வரும்வரை ஏசினார். ஏசாமல் என்ன செய்வது? இறைச்சிக் கடையைக் கண்டால் தெருவின் மற்றப் பக்கத்தால் போகிறவர் சித்தி. சொன்ன சொல்லை மாற்றவும் மாட்டார். தோற்றால் அந்தக் கையால் ஆட்டிறைச்சி வெட்டிக் கழுவிக் காய்ச்சியே தீருவார். அதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. சித்தி என்றால் எனக்கு உயிர்.

சித்தியிடம் ஒரு கணக்கு இருந்தது. பிறந்ததிலிருந்தே மச்சம், அதாவது மீன் இறைச்சி, தொடாத ஏழெட்டுக் குடும்பங்கள் சங்கத்தில் இருந்தன. அவர்களுக்கெல்லாம் முன்னால் நிற்பவர் என் மாமி, அப்பாவின் அக்கா. கோயில், விரதம், திருநீறு என்று வாழ்பவர். மற்றவர்கள் தயங்கினாலும் மாமியின் ஆட்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுக் கிடாரத்தை முடித்துத் தருவார்கள் என்று சித்தி நம்பினார். எனக்கும் அந்தக் கணக்குச் சரியாகத்தான் பட்டது.

ஒன்றுகூடலன்று விடியவே சங்க மண்டபக் குசினியில் வேலை தொடங்கியது. தமிழ்க் கடையில் வாங்கிய பிஞ்சுப் பலாக்காய், வீட்டில் வறுத்து இடித்த கறித்தூள், தேங்காய்ப்பால், கறிவேப்பிலை, பெருஞ்சீரகம். பக்கற்றில் எங்காவது பால்மா கலந்திருக்குமோ என்று சித்தி ஒவ்வொன்றின் முதுகையும் திருப்பித் திருப்பிப் படித்தார். சங்கத்துக் கிடாரத்தை, அந்தப் பெரிய அலுமினியப் பாத்திரத்தை, தேசிக்காய்ப் புளி போட்டுத் தேய்த்துக் கண்ணாடியாக மினுக்கினார். மணம் வாசல் தாண்டிப் போனது. அப்பா இரண்டு தரம் குசினிப் பக்கம் வந்து, சாவியைத் தேடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏரிக்கரையில் மாமிதான் வரிசையில் முதலாவதாக நின்றார். தட்டை நீட்டப் போனவர் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

"இது எந்தக் கிடாரம், பிள்ளை?"

"சங்கத்துக் கிடாரம், அக்கா."

"ஆடு காய்ச்சுற கிடாரமோ?"

சித்தியின் முகம் அப்படியே வெளிறிப்போனது. எங்கள் ஆட்களின் வீடுகளில் மீனுக்கும் இறைச்சிக்கும் என்று மச்சச் சட்டி தனியாக இருக்கும். வெள்ளிக்கிழமையில் அதைத் தொடமாட்டார்கள். சைவக்காரர் அதில் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்தாலும் குடிக்கமாட்டார்கள். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சித்தியின் வீட்டில் மச்சமே இல்லாததால் மச்சச் சட்டியும் இல்லை. அப்படியொன்று உலகத்தில் இருப்பதையே அவர் மறந்துபோயிருந்தார்.

"நல்லா மினுக்கினனான், அக்கா."

"மினுக்கினால் போயிடுமே? குறை நினையாதேங்கோ பிள்ளை. எங்களுக்கு ஏலாது."

மாமி வெறுந்தட்டோடு மர நிழலுக்குப் போனார். அவருடைய ஆட்கள் எல்லாரும் பின்னால் போனார்கள். எனக்கு மாமியைப் பிடித்துக் கடிக்கவேண்டும் போல இருந்தது. இவ்வளவு ஆசையாகச் சமைத்ததை ஒரு அலுமினியப் பாத்திரத்துக்காக வேண்டாம் என்கிறாரே, இவரெல்லாம் என்ன சைவம் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

கிடாரம் முட்ட முட்டக் கறி. மச்சம் சாப்பிடுகிறவர்களோ கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு தூரத்தில் நின்றார்கள். நான் தட்டு நிறைய வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி "நல்லாயிருக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டேன். ஒருவரும் அசையவில்லை. சித்தி அகப்பையைப் பிடித்தபடி நின்றார்.

அந்த நேரம் பார்த்து உதைபந்தாட்டப் பொடியன்கள் வந்தார்கள். விளையாடிக் களைத்த வயிறு எதையும் விசாரிக்காது. சோற்றைப் போட்டு, கறியை அள்ளி, புல்லில் இருந்து சாப்பிட்டார்கள். ஒருவன் நிமிர்ந்து, "இண்டைக்கு எலும்பில்லாமல் நல்ல இறைச்சியாப் போட்டிருக்கினம்" என்றான்.

"அது பலாக்காய் அண்ணா" என்றேன்.

அவன் தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு எழுந்துபோய் இன்னொரு தரம் வாங்கினான்.

அதோடு பின்னால் கட்டியிருந்த கைகள் எல்லாம் முன்னால் வந்தன. முதலில் அப்பா, "சும்மா ருசி பாக்க" என்று. பிறகு அப்பாவின் கூட்டாளிகள். பிறகு டோர்ட்முண்ட் ஆட்கள். வரிசை ஏரிப் பாதைவரை நீண்டு, சைக்கிளில் போன ஜெர்மன்காரர் இறங்கி என்னவென்று கேட்குமளவுக்கு வந்தது. அவருக்கும் ஒரு தட்டுக் கொடுத்தோம். அவர் மூக்கு ஒழுக ஒழுகச் சாப்பிட்டார். பெரியப்பா சோதனை அதிகாரி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு மூன்று தரம் சோதித்தார்.

கடைசியில் எல்லாரும் கிடாரத்தைச் சுற்றி நின்றார்கள். பெரியப்பா குனிந்து பார்த்தார். அடியில் குழம்பு கொஞ்சம் ஒட்டியிருந்தது. பெரியப்பா ஒரு துண்டு ரொட்டிப் பாணை எடுத்து, கையை உள்ளே விட்டுச் சுற்றிவர வழித்து, வாயில் போட்டுக்கொண்டார். பிறகு கிடாரத்தைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டினார்.

"ஒண்டும் மிச்சமில்லை" என்றார்.

ஏரிக்கரை அதிரக் கைதட்டினார்கள். அம்மா சித்தியைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் புல்லில் குத்துக்கரணம் போட்டேன். வாழ்க்கையில் அதற்குப் பிறகு எத்தனையோ சோதனை பாஸ் பண்ணியிருக்கிறேன், அந்தச் சந்தோஷம் திரும்ப வரவில்லை.

எனக்கிருந்த ஆசை ஒன்றுதான். மாமி இதைப் பார்க்கவேண்டும். அவர் எங்கே என்று தேடினால், சித்தி ஏற்கெனவே மர நிழலில் மாமிக்குப் பக்கத்தில் இருந்தார். மாமியின் மடியில் இரண்டு துண்டு வெறும் பாண், ஒரு வாழைப்பழம்.

"அக்கா, போன வருசங்களிலை என்ன சாப்பிட்டனீங்கள்?" என்று சித்தி கேட்டார்.

"இதுதான்" என்றார் மாமி.

சித்தி அழத் தொடங்கினார். வென்ற ஆள் தோற்ற ஆளுக்கு முன்னால் அழுவதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. கையைப் பிடித்து இழுத்தேன். அவர் எழும்பவில்லை.

அந்த வாரமே சித்தி புதுக் கிடாரம் ஒன்று வாங்கினார். ஆட்டுக்கறி அதன்பிறகு ஏரிக்கரைக்கு வரவேயில்லை, இன்றுவரை இல்லை. பெரியப்பா வீட்டில் கிழமையில் நான்கு நாள் மரக்கறி. அது தன்னுடைய யோசனை என்று எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

அடுத்த கோடையில் மாமிதான் மறுபடியும் வரிசையில் முதல் ஆள். சோறும் கறியும் குவியலாக வாங்கிப்போய்ச் சாப்பிட்டு, திரும்பி வந்து வாங்கி, மூன்றாம் தரமும் வந்தார். ஒரு வழியாக மாமியும் எங்களுக்குப் பணிந்துவிட்டார் என்று நான் துள்ளினேன். "மாமி ஏன் இப்பிடிச் சாப்பிடுறா?" என்று அம்மாவிடம் சத்தமாகவே கேட்டேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மாமி ஒவ்வொரு கோடையும் எங்களோடு சிரித்துப் பேசி, கயிறிழுத்தலுக்குக் கைதட்டி, பசியோடு வீட்டுக்குப் போயிருக்கிறார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை.