தொண்ணூற்றொன்பதரை அடி

சென்ற செவ்வாய்க்கிழமை மாலை, ஜேடர்பாளையத்தில் இயங்கும் எங்கள் தூண்டில் வீச்சுக் கழகம், தொடங்கிய நாள் முதல் எடுத்த முடிவுகளிலேயே பாரதூரமான ஒன்றை எடுத்தது. ஃபிளெக்ஸ் பேனரில் அச்சிட வேண்டிய எண் நூறு அல்ல, தொண்ணூற்றொன்பதரை. உறுப்பினர்கள் நான்கு பேர். அன்று காலை வரை ஐந்து பேர்.

காலையில் தொலைபேசியில் பேசியவர் மரகதம் அக்கா. "அவரு போயிட்டாருங்க. காப்பி குடிச்சாரு, டம்ளர வெச்சாரு, அவ்வளவுதானுங்க." அவர் கணவர் அர்த்தநாரி அண்ணன் எந்த வேலையையும் இழுத்தடிக்காதவர்.

முப்பது ஆண்டுகள் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி வைத்திருந்தார். அடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் அந்தத் தொழிலில் அடிக்கணக்கு சில நேரம் கற்பனை இலக்கியமாகிவிடும். அண்ணன் அதில் ஒரு வரிகூட எழுதியதில்லை. வண்டியை விற்றபின் வெளிநாட்டிலிருந்து மருமகன் ஒரு தூண்டில் அனுப்பினார். பூச்சி போன்ற எடையற்ற இரையை நூலின் கனத்தாலேயே எறியும் வகை. அதை வைத்து மீனே இல்லாமல், யார் அதிக தூரம் எறிகிறார்கள் என்று போட்டி நடத்துபவர்கள் உலகில் உண்டு என அவர் அறிந்தபோது எங்கள் கழகம் பிறந்தது. "கீழ பாத்து அடி எண்ணுனது போதுமுங்க. இனி நேராப் பாத்து எண்ணலாம்" என்றார்.

காவிரி பக்கத்தில் இருக்க, நாங்கள் எறிந்தது கரும்பு வெட்டிய காட்டில். தூண்டிலில் முள் கிடையாது. நுனியில் ஒரு சிவப்புக் கம்பளித் துணுக்கு. ஆடு மேய்ப்பவர் ஒருவர் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏனுங்க, இந்தக் காட்டுல மீனு வருங்களா?"

"வந்தா பாவமுங்க. என்னா வெயிலு" என்றார் அண்ணன்.

காற்றின் உதவியில்லாமல் நூறு அடி எறிய வேண்டும். அவருக்கிருந்த ஆசை அது ஒன்றுதான். ஒவ்வொரு வீச்சுக்கும் முன்பு மடியிலிருக்கும் வெற்றிலையின் நுனியைக் கிள்ளிக் கீழே விடுவார். நேராக விழுந்தால்தான் அந்த வீச்சு கணக்கில் சேரும். ஒருமுறை காற்று பின்னாலிருந்து தள்ளி நூற்று நான்கு அடி போயிற்று. கைதட்டினோம். "அது காத்து போட்டதுங்க. மாலைய அதுக்குப் போடோணும்" என்று நூலைச் சுற்றிக்கொண்டார்.

டேப் பிடிப்பது கழகத்தில் என் பதவி. மாசியில் ஒரு காலை வெற்றிலை நேராக விழுந்தது. நூல் முதுகுக்குப் பின்னால் முழுதாக நீளும்வரை காத்திருந்து எறிந்தார். "பின்னால நீளாம முன்னால போகாதுங்க" என்பது அவர் வாக்கு. கம்பளி தொண்ணூற்றொன்பதரையில் கிடந்தது. நான் "நூறு" என்றேன். நான் சொன்ன பொய்களில் மிகச் சிறியது அது.

அவர் நடந்து வந்து, குனிந்து பார்த்து, என் தோளில் கைவைத்தார். "சாமி, நீங்க நல்லவருங்க. டேப்பு உங்களவிட நல்லதுங்க."

அன்று அவர் வீட்டில் எல்லோருக்கும் கோழிக்குழம்பு. ஒருவர் மட்டும் அந்த அரை அடிக்காக வருத்தப்பட்டார். அது நான். அண்ணன் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டே, "நாளைக்கும் நமக்கு வேல இருக்குதுல்லீங்க" என்றார்.

செவ்வாய் மாலை அண்ணனுக்கு அஞ்சலி பேனர் அடிக்கப் பரமத்தி வேலூரில் ஃபிளெக்ஸ் கடையில் கூடினோம். கடைக்காரர் படத்துக்குக் கீழே தட்டச்சு செய்துகொண்டே சொன்னார்: "அரையெல்லாம் பேனர்ல எடுபடாதுங்க. நூறுன்னு போட்டுரலாம். போனவருக்கு அரை அடி சேத்துக் குடுத்தா யாருக்குங்க நட்டம்?"

எனக்கு ஏற்கெனவே ஒருமுறை அதைக் கொடுத்துப் பார்த்த அனுபவம் உண்டு. மரகதம் அக்காவிடம் தொலைபேசியில் கேட்டோம்.

"நூறுன்னு போட்டீங்கன்னா அந்த மனுசன் எந்திரிச்சு வந்து திருத்துவாருங்க."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

டேப் என்னிடம் இருக்கிறது. வெற்றிலை போடும் பழக்கம் எனக்கில்லை. ஆனாலும் நுனியைக் கிள்ளிக் கீழே விடுவதற்காக வாங்குகிறேன். பேனர் காட்டு வேலியில் கட்டப்பட்டிருக்கிறது. காற்றில்லாத நூறு அடி கழகத்தில் இன்னும் யார் பெயரிலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஃபிளெக்ஸ் கடைக்காரர் காட்டுக்கு வந்து, தூண்டிலை எந்தக் கையில் பிடிப்பது என்று கேட்டார்.