மூன்று செக்கன் பிந்திய குரல்

கல்முனையில் கம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கும் முனவ்வறா, பாண்டிருப்புக் கரையோரம் ஒரு மாடி வீட்டுக் கூரையில் அன்டெனா பூட்டியிருந்தாள். தோணிக்காரர் கடலிலிருந்து ரேடியோ செட்டில் கதைப்பதை அது பிடித்து, இன்டர்நெட் வழியே கடைக் கம்பியூட்டருக்கு அனுப்பும். அங்குள்ள மென்பொருள் அதைக் குரலாக்கி, மீனவர் வீட்டுப் பெண்களின் போன்களுக்குக் கொடுக்கும். அதைக் கேட்ட பிறகுதான் பலர் உலையே வைப்பார்கள்.

ஆனாலும் குறை இல்லாமல் இருக்குமா? "என்னக்கா, அவர்ட குரல் பிந்தி, ஆறிப்போய் வருது. எங்களுக்குச் சுடச்சுட வேணும்" என்று அந்தப் பெண்களில் ஒருத்தியான தக்சாயினி நச்சரித்தாள். முகத்துக்கு அஞ்சிய முனவ்வறா, வரும் தகவல் ஒதுங்கி நிற்கும் இடத்தை, பஃபர் என்பார்களே, அதைச் சுருக்கிவிட்டாள். குரல் உடனுக்குடன் வந்தது. பெண்களுக்குப் பெரிய சந்தோஷம்.

அடுத்த புதன் காலை தக்சாயினியின் கணவன் சுஜிந்தனின் தோணி இன்ஜின் நின்றுபோனது. நீரோட்டம் இழுத்தது. தான் நிற்கும் இடத்தின் ஜிபிஎஸ் எண்களைச் சொன்னான். நடுவில் இரண்டு எண்களைக் காணோம். திரும்பச் சொன்னான், வேறு இரண்டைக் காணோம். தேடிப்போக இன்னொரு மீனவன் பிரகாஸ் தோணியோடு கரையில் நின்றான். எங்கே என்று போவான்?

"பற்றரி முடியுது. பத்து நிமிசத்தால இன்னொருக்காச் சொல்லுவன், அவ்வளவுதான்" என்றான் சுஜிந்தன்.

முனவ்வறா அன்டெனாவை ஏசினாள், வயரை ஏசினாள். பிறகுதான் திரையைப் பார்த்தாள். சிக்னல் நன்றாகவே இருந்தது. தவறிய தகவலின் கணக்குத்தான் ஏறிக்கொண்டிருந்தது. கம்பியூட்டர் கண் இமைக்கும் நேரம் வேறு வேலை பார்த்தாலும், வந்த தகவல் நிற்க இடமில்லாமல் தொலைந்தது.

"யா அல்லாஹ், இது நான் செஞ்ச வேலை!"

பஃபரைப் பல மடங்கு பெருப்பித்து, மென்பொருளை மறுபடி ஓடவிட்டாள். சுஜிந்தன் கடைசித் தடவை சொன்னான். குரல் மூன்று செக்கன் பிந்தி வந்தது. ஓர் எண்ணும் தவறவில்லை. அவற்றைப் போனில் கேட்டுக்கொண்டு பிரகாஸ் புறப்பட்டான்.

மறுநாள் தக்சாயினி கடைக்கு வந்தாள். முனவ்வறாவுக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"நான்தான் புள்ள அந்த இடத்தைச் சுருக்கினன். அதாலதான் நம்பர் துலைஞ்சிச்சு. என்னை ஏசு."

"சுடச்சுட வேணுமெண்டு உயிரை எடுத்தது நாங்களெல்லோ?" தக்சாயினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஏச்சுக்குத் தயாராய் நின்றவளுக்கு அழுகை முட்டியது. இப்படி ஒரு மனசை எனக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாயே இறைவா, என் றப்பே என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"இனிக் குரல் கொஞ்சம் பிந்தித்தான் வரும் புள்ள."

"அவரே நேத்து பொழுதுபட்டுத்தான் வந்தார் அக்கா. வந்தாரே, எனக்கு அது போதும்."