நாலு பேர்

சுமை தூக்க ஆள் அனுப்பும் அவரை எல்லாரும் மேஸ்திரி என்பார்கள். அவர் மனைவிக்குப் பழக்கடை. இரண்டு தொழிலுக்கும் ஒரே போன்.

ஒருநாள் காலை ஒரு பெண் கூப்பிட்டாள். "நாலு பேர் வேணும். நல்லா பழுத்ததா பாத்து அனுப்புங்க. வீட்டுக்காரர் படுக்கையில இருக்கார்."

மேஸ்திரிக்குச் சுருக்கென்றது. மனுஷனைப் போய்ப் பழுத்தது என்கிறாளே! இருந்தாலும் தலை நரைத்த, கைதேர்ந்த நாலு பேரை அனுப்பினார்.

அரை மணி நேரத்தில் அவளே மறுபடி போனில் கத்தினாள். "யாருங்க இவங்க? வாசல்ல நின்னு 'தூக்க வந்திருக்கோம்'னு சொல்றாங்க. அவர் 'நான் இன்னும் சாகலடி'ன்னு அலறுறார்!"

"நாலு பேர்தானே கேட்டீங்க?" மேஸ்திரிக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

பழம் அடுக்கிக்கொண்டிருந்த மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "இங்கிலீஷ்ல பேர்னா பேரிக்காய்ங்க!"

"பழுத்தது கேட்டாளே, அப்புறம் எப்படிக் காய்?"



மறுநாள் அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். "நாலு பேர் வேணுங்க."

மேஸ்திரி உஷாரானார். "சாப்பிடவா, தூக்கவா?"

"ரெண்டும் இல்லைங்க. நேத்து வந்தவங்களையே அனுப்புங்க. இந்த ஒரு வருஷத்துல அவரைப் பார்க்க வந்தது அவங்க மட்டும்தான்."