கைநாட்டு வைத்த நாவல்

நான் எழுதிய எல்லா நாவல்களிலும் ஒரு குழாயடிச் சண்டை வரும். கூட்டங்களில் யாராவது எழுந்து, "உங்களுக்கு வேறு இடமே கிடைக்காதா?" என்று கேட்பார்கள். பதினோரு குடித்தனத்துக்கு ஒரே குழாய் இருந்த சந்தில் வளர்ந்தவனுக்கு அரண்மனைத் தோட்டமா ஞாபகம் வரும்? சித்தூரில் மாங்காய் மண்டிக்குப் பின்னால் இருந்தது எங்கள் சந்து. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன்; அவர் மண்டியில் கூடை சுமந்தார். நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நாவல் எழுதினேன்.

எழுதக் காகிதம் வேண்டுமே. அதற்கு எல்லைப் பிரச்சினை வழி செய்தது. சித்தூர் அப்போது ஆந்திர ராஜ்யத்தோடு போயிருந்தது, ஆனால் எல்லைக்கோடு எங்கே என்பது இன்னும் முடிவாகவில்லை. 'நாங்கள் தமிழர்கள், எங்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்க வேண்டும்' என்று அச்சடித்த மனுத்தாள்களை ஒரு தடித்த கட்டாகக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார்கள் கமிட்டிக்காரர்கள். சந்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் என்பது எல்லாருடைய நினைப்பும், என்னுடைய நினைப்பும். தாளுக்கு ஒரு ஆள் வீதம் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கிவைக்க வேண்டும்.

தாளின் பின்பக்கம் வெள்ளை வெளேரென்று காலியாக இருந்தது. வெற்றுத்தாளைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. கையெழுத்தை மறந்துவிட்டு, நாவலை எழுத ஆரம்பித்தேன். குழாயடியில் ஊரைக் கூட்டும் இட்லிக்காரம்மா, தினமும் வேலையை விட்டுவிடப்போவதாக மிரட்டும் ரிக்‌ஷாக்காரர், எல்லாரும் அதில் வந்தார்கள். மூன்றாம் அத்தியாயத்தில் நைனாவைக் கிழி கிழியென்று கிழித்திருந்தேன். 'எறும்பு வரிசைக்கும் எழுத்து வரிசைக்கும் வித்தியாசம் தெரியாத மனிதர்' என்று ஒரு வாக்கியம். இருபது வயதில் அதை எழுதிவிட்டு நானே என் முதுகைத் தட்டிக்கொண்டேன்.

நாவல் முடிந்ததும் அம்மா என்னைத் திருப்பதிக்கு இழுத்துப்போனாள். சின்ன வயதில் எனக்கு டைபாய்டு கண்டபோது வேண்டிக்கொண்ட மொட்டை அத்தனை வருஷமாகப் பாக்கி இருந்தது. மூன்று நாள் கழித்து வழுவழுப்பான தலையோடு வீட்டுக்கு வந்து தகரப்பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒரு தாள்கூட இல்லை.

"கமிட்டிக்காரங்க வந்து அவசரமாக் கேட்டாங்கடா," என்றார் நைனா, பெருமை தாங்காமல். "நீ ஊர்ல இல்ல. நானே வூடு வூடாப் போயி கைநாட்டு வாங்கிக் குடுத்துட்டேன். ஆளு பத்தல, கைக்கொழந்த வெரலக்கூட வுடல. எல்லாத்தயும் தாலுக்கா கச்சேரில சேத்துட்டாங்க."

"பின்னால எழுதியிருந்ததே நைனா!"

"பாத்தேனே. ராவும் பகலும் எழுதிக்கினு இருந்த. மனுவுக்குத்தான் இம்மாம் வெவரமா எழுதறான்னு நெனச்சேன்."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது. இருந்தது அந்த ஒரே பிரதிதான். சாப்பிடாமல் தாலுக்கா ஆபீசுக்கு ஓடினேன்.

மனுக்கள் வாங்கும் குமாஸ்தா தெலுங்குக்காரர், தமிழும் நன்றாகப் படிப்பவர். என் தாள்கள் அவர் மேஜையில் கலைந்து கிடந்தன.

"ஏமய்யா, நீதானா இந்த ரைட்டர்?" என்றார். "இட்லிக்காரம்மா குடத்தத் தூக்கி அடிக்கப்போனாளே, அப்புறம் இன்னா ஆச்சு? அந்தக் காயிதத்தக் காணோம்."

"அடிக்கல சார், அழுதுட்டா. தாளுங்களத் திருப்பிக் குடுங்க சார்."

"முத்திர போட்டாச்சு. ஜனங்க கைநாட்டு வெச்ச காயிதம் வெளிய போவாது. மேலிடத்துக்கு அனுப்ப நாலு நாள் இருக்குது. இங்கயே குந்திப் பாத்து எழுதிக்க."

எதில் எழுதுவது? அவரே அலமாரியிலிருந்து ஒரு கட்டை எடுத்துப் போட்டார். 'எங்களை ஆந்திரத்திலேயே வைத்திருங்கள்' என்று தெலுங்கில் அச்சடித்து, மிஞ்சிப்போன மனுத்தாள்கள். பின்பக்கம் காலி. சென்னைக்குப் போக எழுதிய நாவல் ஆந்திரத்தில் தங்குவதற்காகப் படியெடுக்கப்பட்டது இப்படித்தான்.

ஒவ்வொரு பக்கமும் படியெடுத்து முடித்துப் பழைய தாளைத் திருப்பினால் ஒரு கட்டைவிரல் ரேகை இருந்தது. ஒரு ரேகையில் மாவு வாசனைகூட வந்ததுபோல் இருந்தது, இட்லிக்காரம்மாவுடையதாகத்தான் இருக்கும். நான் கிண்டல் செய்தவர்கள் எல்லாரும் அந்தக் கிண்டலின் முதுகிலேயே கைநாட்டு வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது.

இரண்டாம் நாள் மூன்றாம் அத்தியாயம் வந்தது. எறும்பு வாக்கியம் இருந்த தாளைத் திருப்பினேன். அங்கே ரேகை இல்லை, கையெழுத்து இருந்தது. குமாஸ்தா எட்டிப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். "தமிழங்கன்னு மனு, கையெழுத்து மட்டும் சக்கன தெலுங்கு!"

நைனாவின் பெயர். நடுங்காமல், முழுசாக, தெலுங்கில். மண்டியில் கூடைகளின் மேல் எழுதும் பெயர்களைப் பார்த்துப் பார்த்தே கற்றிருக்க வேண்டும். ஒரே அறையில் இருபது வருஷம் அவர் பக்கத்தில் படுத்திருந்தும் எனக்குத் தெரியவில்லை. வெட்கத்தில் மொட்டைத் தலை வரைக்கும் சுட்டது. அந்த வாக்கியத்தை நான் படியெடுக்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் கேட்டேன்: "நைனா, உனுக்குக் கையெழுத்துப் போட வருமா?"

"வருமே," என்றார், சோற்றைப் பிசைந்துகொண்டே. "நீ எப்பக் கேட்ட?"

அந்த நாவலில் அப்பா பாத்திரம் சரியாக வரவில்லை என்று விமர்சகர்கள் இன்றைக்கும் எழுதுகிறார்கள். அவர்கள் எழுதியதிலேயே நான் சண்டைக்குப் போகாத விமர்சனம் அது ஒன்றுதான்.