நான்கு வார்த்தையில் வளர்த்த பிள்ளை

என் மகளின் டீச்சரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கிற உத்தேசமும் இல்லை.

மகள் அப்போது யூகேஜி. ஆங்கிலக் கதைப் புத்தகத்தில் தொட்டிலில் கிடக்கிற குழந்தையின் படத்தைக் காட்டி, என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கிறார் டீச்சர். "பாப்பா தூங்கினு கீது" என்றிருக்கிறாள் இவள். அதை ராகம் போட்டு இரண்டு முறை டீச்சர் சொல்லிக் காட்ட, வகுப்பே சிரித்திருக்கிறது. அன்று டைரியில் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதி வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்தான் படித்துச் சொன்னாள்: வீட்டில் தமிழ் பேசாதீர்கள், வாசிப்பு வராவிட்டால் அடுத்த வருஷமும் யூகேஜிதான்.

நானும் ஒரு முட்டாள், நம்பிவிட்டேன். காசிமேட்டில் மீன் விற்கிறவள் நான். ஐந்தாவது வரை தமிழில் படித்தவள். எனக்குத் தெரிந்த ஆங்கிலம் கம், சிட், ஈட், நோ. இரண்டு மாதம் அந்த நான்கு வார்த்தையில் பிள்ளை வளர்த்தேன். குளிப்பாட்டும்போது கதை இல்லை, சோறு ஊட்டும்போது பேச்சு இல்லை. பஸ் போர்டு, ஐஸ் கம்பெனிச் சுவர் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்த பிள்ளை வாயை மூடிக்கொண்டாள். புத்தகத்தை எடுத்தாலே ஒன்றுக்கு வருகிறது என்று ஓடுவாள்.

வெளியூர் விசைப்படகில் வேலைக்குப் போயிருந்த என் வீட்டுக்காரர் அந்த இரண்டு மாதம் கழித்துத்தான் வீடு திரும்பினார். தட்டில் சோறு முடிவதற்குள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாமே இது, வூடா, போலீஸ் ஸ்டேஷனா? கொயந்த அப்பான்னு கூட கூப்ட மாட்டேங்குது!"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதன் பிறகு வந்த கோபம் இருக்கிறதே, அப்பப்பா! என் பிள்ளையின் வாயை என் கையாலேயே பொத்த வைத்துவிட்டாளே அந்த டீச்சர்! எல்லார் முன்னாலும் அவளைத் தலைகுனிய வைக்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டினேன்.

கூடை காலியானதும் வீட்டுக்கு ஓடி வருவேன். பள்ளி விட்டு வந்த பிள்ளையோடு உட்கார்வேன். முதலில் நூலகத்திலிருந்து எடுத்த தமிழ்க் கதைப் புத்தகம். நான் ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். அப்புறம் ஆங்கிலப் புத்தகம். அதில் எழுத்துக்குப் போகுமுன் படங்களைப் பார்த்து முழுக் கதையையும் நம் பேச்சில் சொல்ல வேண்டும். "நண்டு கோச்சிகினு போவுது மா" என்று ஆரம்பித்துவிட்டால் வாய் ஓயாது. கதை பிடிபட்ட பிறகு ஆங்கில வரிகளை அவள்தான் எனக்குப் படித்துச் சொல்வாள். தப்பாகப் படித்தால் எனக்குத் தெரியாது. ஆனால் கதையோடு ஒட்டவில்லையென்றால் அவளே திரும்பிப் போய்த் திருத்திக்கொள்வாள்.

வருஷக் கடைசியில் பெற்றோர் கூட்டம். ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து படிக்க வேண்டும். என் மகள் ஒரு முழு ஆங்கிலக் கதையைப் படித்து முடித்தாள். ஒன்றாம் வகுப்புக்குப் போகலாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். டீச்சர் என்னைக் கைகாட்டி, "பாத்தீங்களா? வீட்ல தமிழை நிறுத்துனாங்க, பொண்ணுக்குப் படிப்பு வந்துடுச்சு" என்றார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. பையிலிருந்த தமிழ்க் கதைப் புத்தகத்தை எடுத்து அவர் கையில் திணித்தேன்.

"வூட்ல நாங்க தெனம் படிக்கிறது இதான் டீச்சர். ஒரு பக்கம் படிங்க, எல்லாரும் கேக்கட்டும்."

முதல் வரியிலேயே நின்றுவிட்டார். தமிழில் சரளமாகப் பேசுகிறவர், அச்சில் பார்த்ததும் எழுத்து எழுத்தாகத் தடவினார். காதெல்லாம் சிவந்துபோயிற்று. பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். எத்தனை நாள் காத்திருந்தேன் அந்தச் சிரிப்புக்கு! நானும் சேர்ந்து நன்றாகச் சிரித்தேன்.

என் மகள் சிரிக்கவில்லை. டீச்சர் பக்கத்தில் போய் நின்றாள்.

"மொதல்ல படத்தப் பாத்துக் கதைய சொல்லுங்க டீச்சர். அப்பால படிக்க வந்துடும்."

டீச்சர் புத்தகத்தைத் தாழ்த்தி அவளுக்கும் தெரிகிற மாதிரி பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் சேர்ந்து அந்தப் பக்கத்தை முடித்தார்கள்.

வீடு வந்து சேரும்வரை நான் மகளோடு பேசவில்லை. இன்னும் இரண்டு வரியாவது அந்த அம்மாள் தனியாகத் திணறியிருக்க வேண்டும்.