சர்வர்காரரின் டீ

ஒரகடம் தொழிற்சாலையில் நான் குவாலிட்டி பிரிவில் இருந்தபோது சர்வர் அறையைப் பார்த்துக்கொண்டவர், ஏசி குளிருக்காக எப்போதும் குரங்குக் குல்லாவோடு இருப்பார். ஒரே சர்வரைக் கூறுபோட்டு, பிரிவுக்கு ஒன்றாக, தனிக் கம்ப்யூட்டர் போலவே இயங்கும் விர்ச்சுவல் மெஷின் கொடுத்திருந்தார். யார் கூடுதல் மெமரி கேட்டாலும் இல்லையென்ற பேச்சே அவர் வாயில் வராது. சில நாள் திடீரென வந்து, என் வேலையை நிறுத்தச் சொல்லி டீக்கு இழுத்துப் போவார்.

ஒருநாள் கேன்டீனில் கேட்டேன். "எல்லாருக்கும் குடுக்க அவ்ளோ மெமரி ஏது?"

"ஏது சார்? உங்களுக்குக் குட்த்ததையேதான் ஸ்டோர்ஸுக்கும் குட்த்துகீறேன். ரெண்டு பேரும் ஒண்ணா வேலை பாத்தாதான் சர்வர் படுத்துக்கும்."

"அப்படி ஒண்ணா வேலை பாத்தா?"

என் டீ கிளாஸைப் பார்த்துச் சிரித்தார். "மெதுவா குடிங்க சார். ஸ்டோர்ஸ்ல இன்னும் வேலை முடியல."

இப்போதும் யாராவது சும்மா டீக்கு அழைத்தால், என் மெமரி யாரிடம் இருக்கிறதோ என்றுதான் தோன்றுகிறது.