அப்பா பார்த்துவிட்டு வந்த தேர்

சுனாமிக்கு இரண்டு வருஷம் கழித்து, சர்க்கரை நோயால் காலில் புண் வந்து அப்பா படகை விட்டார். நான் ஐந்தாம் வகுப்பை விட்டேன். அம்மா மீன்கூடை தூக்கிக்கொண்டு விற்கப் போய்விட, அப்பாவின் பக்கத்தில் ஆள் வேண்டியிருந்தது. முதுநகரில் உப்பங்கழிக் கரையில் இருந்த எங்கள் வீட்டுக் கூரையின் உட்பக்கம், தண்ணீரின் வெளிச்சம் நெளிந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்தபடி படுத்திருப்பார். புண்ணைக் கழுவ விடமாட்டார், ஊசி போட விடமாட்டார். இப்படியே விட்டால் காலை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் சர்க்கரைக்காரர்களை வட்டமாக உட்காரவைத்துப் பேச ஓர் அக்கா வருவார். மனசில் நம்பிக்கை இருந்தால்தான் உடம்பைப் பார்த்துக்கொள்ளத் தோன்றும் என்பது அவர் கட்சி. கண்ணை மூடி, அடுத்த வருஷம் தாங்கள் நன்றாக இருப்பதைப் பார்த்து, அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு பெரியவர் பேத்தி கல்யாணத்தில் பாயசம் வேண்டாமென்று சொல்லிவிட்டுக் கண்ணைத் திறந்தார். அப்பா முறை வந்தது.

"ஒண்ணும் தெரியல."

அக்காவின் முகம் வாடியது. அம்மா குறுக்கே வந்தாள். "கடலுக்குப் போற ஆளுங்க அப்படித்தான் மேடம். மீனு கெடைக்கும்னு முன்னாடியே சொன்னா கெடைக்காதாம். கரைக்கு வந்தப்புறம்தான் வாயத் தொறப்பாங்க."

"அப்ப கரைக்கு வந்தாச்சுன்னே வச்சுக்குங்கண்ணே. போய் வந்த கதையச் சொல்லுங்க."

 சாயங்காலம் வீட்டில்தான், கூரையைப் பார்த்துக்கொண்டே அப்பா ஆரம்பித்தார். ரயிலேறிச் சிதம்பரம் போனாராம். தேர் வடத்தைப் பிடித்தாராம். தேரோடு நாலு வீதியும் நடந்தாராம், கால் வலிக்கவேயில்லையாம்.

"யோவ், எனக்கு என்னய்யா வாங்கியாந்த?" என்றாள் அம்மா.

"கண்ணாடி வளையல்."

"அதுலயும் கண்ணாடிதானா! தங்கத்துல வாங்கப்படாதா?"

எனக்கு அழுகை பொங்கியது. பக்கத்தில் இருக்கச் சொல்லியும் நான் பாதி நாள் துறைமுகத்துப் பக்கம் சுற்றுகிறவள். அந்த நேரம் பார்த்துப் போய் வந்திருக்கிறார்.

"என்னை உட்டுட்டுப் போய்ட்டியே!"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தார்.

"உன்ன உடுவனா பாப்பா? தோள்ல தூக்கிக்கினுதான நடந்தேன். நீ தூங்கிட்ட, அதான் ஞாபகம் இல்ல."

யோசித்துப் பார்த்தேன். உயரத்தில் தேர்ச்சீலைகள் அசைந்தன. என் பிடிக்குள் அப்பாவின் தலைமுடி இருந்தது. ஆமாம், போயிருந்தோம்.

அப்பா அம்மா பக்கம் காலை நீட்டினார். "கழுவி உடு."

தண்ணீர் எடுக்க உள்ளே போன அம்மா வெகுநேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். தன்னை மட்டும் தேருக்குக் கூட்டிப் போகவில்லையே என்ற வருத்தம் என்று நினைத்தேன். அடுத்த தடவை அவளையும் அழைத்துப் போகிறோம் என்று சொல்லித் தேற்றினேன்.